இழைச்சி உவர்க்குட்டைக்குக் குடிபோன கதை

அந்தக் காலம் எந்தக் காலம் என்று கேட்டால் வருடக் கணக்குச் சொல்ல முடியாது. தவளைக்கும் தாமரைக்கும் வாய் இருந்தது. சும்மா கிடக்கிற குட்டைக்குக்கூட வாய் இருந்தது. அவ்வளவு பழைய காலம். ஒருவர் பேசி முடிக்குமுன் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவதால் உலகம் முழுக்கச் சந்தைக்கடை இரைச்சல்.

செம்மணல் மேடான தேரிக்காட்டுக்கு மேற்கே அப்போது ஒரு பெரிய குளம் இருந்தது. நல்ல தண்ணீர்க் குளம். அதன் அடித்தரையில் இழைச்சி என்றொரு பாசிப்பெண் இருந்தாள். தையல் நூலைப் பத்தாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடியும் பத்தாகப் பிரித்தால் என்ன மிஞ்சுமோ அதுதான் இழைச்சி. அப்போது அவள் ஈர்க்குச்சி போல நேராக இருந்தாள். வளைவு என்பது மருந்துக்கும் கிடையாது.

பாசிக்குச் சோறு வெயில்தான். வாயால் தின்பதில்லை, உடம்பு முழுவதாலும் தின்னும். பெரிய குளத்தில் அந்தச் சோற்றுக்குத்தான் அடிதடி. அதனால் குளத்துக்காரர்கள் கூடிப் பேசி ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்களே, அதுபோல வெயிலுக்கும் முறை. இன்றைக்கு இந்தக் கூட்டம் மேலே, நாளைக்கு அந்தக் கூட்டம் மேலே. முறை சொல்லுகிற வேலை தவளைக்கு. நெரிசல் பேருந்தில் நடத்துனர் கத்துவாரே, அதே தொண்டை:

“உள்ள போ, உள்ள போ, உள்ள போ! வழிய மறிச்சுக்கிட்டு நிக்காத! தாமரையம்மா வாராங்க, ஒதுங்கு! வழுக்குப்பாசி, நீ படியில தொங்காத, கல்லைப் பிடி! கொர்ர்ர்... ஏ, யாருலே அது என் கால்ல சுத்துறது?”

“நாந்தான் மாமா, இழைச்சி. எங்க முறை எப்போ வரும்?”

“உங்க முறையா? முந்தாநாளே வந்து போயிட்டுதே!”

“முந்தாநாள் பூரா மழை மாமா. வெயிலே அடிக்கலியே.”

“வெயில் அடிக்காததுக்கு நானா பொறுப்பு? முறை முறைதான். அடுத்து ஐப்பசியில வா.”

“ஐப்பசியும் மழைதானே மாமா?”

தவளைக்கு ஒரு குணம் உண்டு. கேள்வி கேட்டால் கழுத்து வீங்கும், பதில் வராது. அன்றைக்கும் கழுத்து பலூன் மாதிரி வீங்கியது. “கொர்ர்ர்” என்று ஒரு சத்தத்தை மட்டும் போட்டுவிட்டு அடுத்த ஆளை அதட்டப் போய்விட்டது.

இழைச்சி மேலே பார்த்தாள். தாமரையம்மா தாம்பாளம் தாம்பாளமாக இலையை விரித்து வைத்திருந்தார். அவர் முறை முடிந்து நான்கு நாளாகிறது. இலையை மடக்குகிற பேச்சே இல்லை.

“அக்கா, அந்த இலையைக் கொஞ்சம் ஓரமா வச்சுக்கிட்டா நாங்களும் வெயில் பாத்துக்குவோம்.”

தாமரையம்மா சிரித்தார். சிரிப்பில்கூடத் தேன் சொட்டும். “அடி செல்லம், வெயில் உனக்கு ஒத்துக்காதும்மா. கறுத்துப் போயிடுவே. நீயெல்லாம் நிழல்ல இருந்தாத்தான் லட்சணம்.”

“அப்போ நீங்க ஏன்க்கா வெயில்ல இருக்கீங்க?”

“நான் உங்களுக்காகத் தாங்கிக்கிறேன், கண்ணு.”

அவர் தாங்கிக்கொண்ட லட்சணத்தில் இழைச்சியின் கூட்டத்தில் பாதிப் பேர் மஞ்சளாகி, பிறகு வெளுத்து, கடைசியில் சேற்றோடு சேறாகிப் போயிருந்தார்கள். இழைச்சிக்கும் வால்நுனியில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. வெயில் விழுகிற ஓர் இடம் வேண்டும். கிடைத்தால் உயிர், கிடைக்காவிட்டால் அடுத்த சேறு அவள்தான்.

அன்று மத்தியானம் குளத்தில் புரள வந்த எருமையின் முழங்காலில் இழைச்சி ஒட்டிக்கொண்டாள்.

“பெரியம்மா, பெரியம்மா! எனக்கு ஒரு இடம் காட்டுங்களேன்.”

எருமை உடனே பதில் சொல்லவில்லை. முதலில் ஒரு காதை ஆட்டியது. அப்புறம் இன்னொரு காது. கரையேறி, நாலு எட்டு நடந்து, ஒரு புல்லைக் கடித்து, அதை விழுங்கிய பிறகு, “ம்ம்ம்... என்ன... இடம்?” என்றது.

“வெயில் இருக்கணும். தவளை இருக்கக் கூடாது.”

“ம்ம்ம்... ஆறு.”

ஆற்றுக்குப் போனார்கள். ஆறு நிற்காமல் ஓடிக்கொண்டே பேசியது. “வா வா வா, என்ன வேணும், வெயிலா, நிறைய இருக்கு, எடுத்துக்கோ, ஆனா நிக்க முடியாது, ஏறு ஏறு, சீக்கிரம்...”

“அண்ணே, எங்கே போறீங்க இவ்வளவு அவசரமா?”

“அதான் தெரியலை!” என்று ஆறு கத்தியது. அதற்குள் அந்தத் தண்ணீர் அடுத்த திருப்பத்துக்குப் போய்விட்டது. புதிதாக வந்த தண்ணீர் முதலிலிருந்து ஆரம்பித்தது. “வா வா வா, என்ன வேணும்...”

இழைச்சி எருமையின் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். “வேற இடம் பெரியம்மா.”

எருமை வெகுநேரம் அசைபோட்டது. “இன்னொண்ணு... இருக்கு. உவர்க்குட்டை. நாள் முச்சூடும்... வெயில். ஆனா... அங்க யாரும் இல்ல.”

“ஏன் யாரும் இல்லை?”

“ஒருவாட்டி... ஒரு வாய் குடிச்சேன். மூணு நாள்... நாக்கு எங்க இருக்குன்னே தெரியல.”

“ஏன் அப்படி? தண்ணிதானே?”

“ம்ம்ம்...” என்றது எருமை. அதற்கு மேல் அசைபோட அதனிடம் எதுவும் இல்லை. ஆனால் நடந்தது.

உவர்க்குட்டை வெட்டவெளியின் நடுவில் கிடந்தது. முழங்கால் ஆழம்கூட இல்லை. சுற்றிலும் ஒரு மரம், ஒரு புதர், ஒரு புல் கிடையாது. கரையெல்லாம் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி வெள்ளை பூத்திருந்தது. துணி வெளுக்க உவர்மண் அள்ளுவார்களே, அதே மண். தண்ணீரைத் தொட்டால் சோப்பு போட்ட கை மாதிரி வழுக்கும். தலைக்கு நேரே சூரியன், மறைக்க ஒரு மேகத்துண்டு இல்லை.

எருமை கரையிலேயே நின்றுகொண்டது. குட்டை கண்ணைத் திறக்காமலே உறுமியது.

“யாரு அது? எட்டப் போ. வெந்துருவே.”

“அண்ணாச்சி, நான் இழைச்சி. பெரிய குளத்துலேர்ந்து வாரேன்.”

“எந்தக் குளமா இருந்தா எனக்கென்ன? போன மாசம் ஒரு கெண்டைக்குஞ்சு வந்துச்சு. வணக்கம் சொல்ல ஆரம்பிச்சுது. சொல்லி முடிக்கல. அதுக்கு முன்னாடி ஒரு நண்டு. உள்ள வச்ச காலை வெளிய எடுத்துட்டு ஓடுனது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். நான் ஒண்ணும் வேணும்னு செய்யல. எம் மண்ணு அப்படி. போ தாயி, நல்லபடியா போய்ச் சேரு.”

இழைச்சி போகவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. “உங்க மேல எவ்வளவு நேரம் வெயில் விழும் அண்ணாச்சி?”

“விடிஞ்சதுல இருந்து அடையிற வரைக்கும்.”

“நிழல்?”

“அப்படி ஒண்ணு உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். பாத்ததில்ல. எப்படி இருக்கும் அது?”

“பாக்காம இருக்கிறதே நல்லது. தவளை உண்டா?”

“எதுக்குக் கேக்க?”

“சும்மாதான்.”

“கிடையாது.”

“தாமரை?”

“ஏழூருக்குக் கிடையாது.”

“அண்ணாச்சி, யாருமே இல்லாம உங்களுக்குப் பொழுது எப்படிப் போகும்?”

குட்டை இப்போதுதான் கண்ணைத் திறந்தது. அதை யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லாரும் “ஐயோ”, “அம்மா” என்று இரண்டே வார்த்தை பேசினவர்கள்தான். “போகாது” என்று மட்டும் சொன்னது.

இழைச்சி எருமையின் காலைவிட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தாள்.

சுட்டது. அடுப்பு சுடுகிற மாதிரி இல்லை. உடம்பின் ஒவ்வொரு கணுவையும் யாரோ கிள்ளிக்கொண்டே போகிற மாதிரி. தீக்குப் பக்கத்தில் போன தலைமுடி என்ன ஆகும்? அதேதான் ஆனது. நேராக இருந்த இழைச்சி ஒரு சுற்றுச் சுருண்டாள். பிறகு இன்னொரு சுற்று. நீட்டிக்கொண்டு இருந்தால் உடம்பு முழுவதும் எரிந்தது, சுருளச் சுருள எரிச்சல் குறைந்தது. அதனால் அவள் தலையிலிருந்து வால் வரை சுருண்டுகொண்டே போனாள்.

கரையில் எருமை கண்ணை மூடிக்கொண்டது. குட்டை தன் தண்ணீரை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், “ஏட்டி... போயிட்டியா?” என்று கேட்டது.

“இல்லை அண்ணாச்சி. கொஞ்சம் சுருண்டுட்டேன்.”

“நிமிரு பாப்போம்.”

இழைச்சி நிமிர்ந்து பார்த்தாள். நிமிர்த்த நிமிர்த்தப் பழையபடி சுருண்டுகொண்டது. பழகிவிட்டது. சுருண்ட வேகத்தில், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஜம்மென்று மேலே மிதந்தாள். அங்கே வெயில் நின்றிருந்தது. முறை கேட்காத, ஐப்பசி பார்க்காத வெயில். அவள் அதைக் குடித்தாள். வால்நுனி மஞ்சள் மறைந்து, உடம்பில் நீலம் கலந்த ஒரு பச்சை ஏறியது. எருமை தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தது.

குட்டைக்குத் தலைகால் புரியவில்லை. “சாகலையே! ஏட்டி, நீ சாகலையே!” என்று ஒரு நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தப் பாசிகளுக்கு ஒரு வழக்கம். நமக்கு அறுந்தால் அழுகை வரும், அவர்களுக்கு அறுந்தால் தங்கச்சி வருவாள். ஒருத்தி நீண்டு வளர்ந்து நடுவில் அறுந்துபோவாள், இரண்டு பேர் ஆவார்கள். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். பக்கத்தில் போட்டிக்கு வேறு பாசி இல்லை. மேய்கிற மீன் இல்லை. அத்தனை பேருக்கும் தண்ணீரில் ஊறிய அந்த உவர்மண் காரமே காவல். ஒரு மாதத்துக்குள் குட்டை பச்சைப் பசேல் என்று ஆனது. பேச்சுத்துணை இல்லாமல் கிடந்த குட்டைக்கு இப்போது எல்லாப் பக்கமும் பேச்சு. அது ஒவ்வொருத்தி பெயரையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. காலையில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தால் முடிக்கும்போது சாயங்காலம்.

“ஒருத்தரையும் விட மாட்டேன் பாத்துக்கோ. எல்லாரும் எங்கூடத்தான்,” என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது.

அப்படியே இன்னும் ஒரு மாதம் போயிற்று. பச்சை தடித்தது. கம்பளி விரித்த மாதிரி ஆனது. மேலே இருந்தவர்கள் வெயிலைக் குடித்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். இழைச்சி எல்லாருக்கும் மேலே, நட்டநடுவில் இருந்தாள்.

ஒரு நாள் உச்சிப்பொழுது. வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போது அவளுக்குக் கீழே, வெகு கீழே இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“அக்கா, மேல விடிஞ்சிருச்சா?”

இழைச்சிக்குப் புரியவில்லை. “யாரடி அது?”

“நாந்தான்க்கா, துணுக்கி. ரொம்ப நேரமா இருட்டாவே இருக்கே, அதான் கேட்டேன். விடிய இன்னும் நேரமாகுமா?”

“துணுக்கி, உச்சி வெயிலுடி இப்போ!”

“வெயில்னா என்னக்கா? எல்லாரும் சொல்றாங்க. எப்படி இருக்கும்?”

இழைச்சி தவளையைக் கேட்டாள், தாமரையைக் கேட்டாள், ஆற்றைக் கேட்டாள், குட்டையைக் கேட்டாள். ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள் தனக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். கம்பளிக்கு அடியில் கூட்டம் கூட்டமாகத் தங்கச்சிகள் மஞ்சளாகிக் கிடந்தார்கள். அதற்கும் கீழே வெளுப்பு. தரையில் லேசாக அழுகல் வாடை.

குட்டையும் முனகியது. “வயித்துக்குள்ள என்னமோ பண்ணுதுட்டி ரெண்டு நாளா.”

இழைச்சிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். பெரிய குளத்து வழி. கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தத் தொண்டையை அப்படியே வரவழைத்துக்கொண்டு கத்தினாள்.

“உள்ள போ, உள்ள போ, உள்ள போ! இன்னியிலேர்ந்து வெயிலுக்கு முறை! மேல இருக்கிறவங்க கீழ, கீழ இருக்கிறவங்க மேல! இறங்கு, இறங்கு!”

“இதோ இறங்கிட்டேன்க்கா,” என்றாள் ஒருத்தி, இருந்த இடத்திலேயே.

“எனக்கு முன்னாடி அவ போகட்டும்.”

“போகத்தான் பாக்கேன். உடம்பு போகமாட்டேங்குதே!”

கடைசியாகச் சொன்னவள் மட்டும் பொய் சொல்லவில்லை. இழைச்சி தானே ஒருமுறை மூழ்கிப் பார்த்தாள். முக்கி முக்கி இரண்டு விரல்கடை இறங்கினாள். உடனே அப்பளமாக மேலே வந்துவிட்டாள். எந்தச் சுருள் அவளை வெயிலுக்குத் தூக்கிக்கொடுத்ததோ அதே சுருள் இறங்கவும் விடவில்லை. நல்ல தண்ணீரில் ஏமாற்றுகிறவர்களாலும் இறங்க முடியும், அதனால் அங்கே முறை சொல்லலாம். உவர் தண்ணீரில் யோக்கியமானவளாலும் இறங்க முடியவில்லை. கீழே இருந்தவர்களுக்கோ ஏறி வரச் சத்தில்லை.

“அக்கா, விடிஞ்சா ஒரு குரல் கொடு,” என்றாள் துணுக்கி. குரல் முன்னைவிட மெலிந்திருந்தது.

மறுநாள் காலையில் வானத்திலிருந்து ஒரு நாரை இறங்கியது. உடம்பெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. ஏணியில் பாதியை ஒடித்து வைத்த மாதிரிக் கால். மூக்கை மட்டும் யாரோ கதவிடுக்கில் வைத்து மடக்கிவிட்டது போல இருந்தது. தூரதேசம் போகிற வழியில் கால் ஆற இறங்கியிருந்தது. பெரிய இடத்துப் பேச்சு.

“அப்பப்பா! என்னது இது, தண்ணியா வெந்நீரா? கால் வைக்க விடலையே! ஸ்ஸ்... அப்பப்பா!”

சொல்லிக்கொண்டே நாரை இந்தக் காலை எடுத்து அந்தக் காலை வைத்தது, அந்தக் காலை எடுத்து இந்தக் காலை வைத்தது. வைத்த இடத்திலெல்லாம் தண்ணீர் சுழன்றது. கம்பளி கிழிந்தது. மேலே இருந்தவர்கள் “ஐயோ ஐயோ” என்று கீழே போனார்கள். கீழே இருந்தவர்கள் ஒரு கண்சிமிட்டும் நேரம் மேலே வந்தார்கள்.

“அக்கா! என்னமோ பட்டுது! மஞ்சளா, சூடா, மேல பூரா...” என்று கத்திக்கொண்டே வந்த துணுக்கி மறுபடியும் கீழே போய்விட்டாள்.

“அதாண்டி வெயில்!” என்று இழைச்சி கத்தினாள். பிறகு நாரையைப் பார்த்தாள். “நாரையாரே, இன்னும் நாலு எட்டு வையுங்க.”

நாரை குனிந்து பார்த்தது. “யாரு? காலா பேசுது?”

“காலுக்குக் கீழே, நாரையாரே. நாங்க பாசிங்க. கொஞ்சம் சுத்தி நடங்களேன்.”

“நடக்கிறதா? நான் சாப்பிட்டு மூணு நாளாச்சும்மா. மீன் இருக்கா இங்கே?”

“இல்லை.”

“நண்டு?”

“இல்லை.”

“ஒரு புழுவாவது?”

“இல்லை.”

“பின்னே எந்தத் தைரியத்துல இதைக் குட்டைன்னு சொல்லிக்கிறீங்க?” நாரை இறக்கையை விரித்தது. “வரேன்மா. பசிக்குது.”

அது போனால் அவ்வளவுதான். துணுக்கிக்கு இன்னும் ஒரு நாளோ அரை நாளோ. அப்புறம் துணுக்கிக்கு மேலே இருப்பவள், அவளுக்கு மேலே இருப்பவள். இழைச்சி ஒரு மூச்சு யோசித்தாள். இரண்டாவது மூச்சில் சொல்லிவிட்டாள்.

“எங்களைத் தின்னுங்க.”

குட்டையில் எல்லாச் சத்தமும் ஒன்றாக எழுந்தது.

“ஏட்டி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?”

“நம்மளைத் தின்ன நீயே ஆளைக் கூப்பிடுதியே!”

“எம் பிள்ளைகளையா?” குட்டையின் குரல் எல்லாரையும்விட மேலே கேட்டது. “எம் பிள்ளைகளையா கொடுக்கச் சொல்லுதே? ஒருத்தரையும் விட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல!”

“அண்ணாச்சி, உங்க வயித்துல என்னமோ பண்ணுதுன்னு சொன்னீங்களே. கீழே அழுகுறாங்க. எல்லாரையும் வச்சுக்கிட்டா ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம். கொஞ்சம் போனா மிச்சம் இருப்போம். போனவங்க இடத்துக்குக் கீழே இருக்கிறவங்க வருவாங்க. நாங்க அறுந்து பெருகுறவங்கதானே? ரெண்டு நாள்ல குறை தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றது குட்டை. “எனக்குப் பேரு பேராத் தெரியும்.”

அதன் அடித்தரையில் துணுக்கி இருமுகிற சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் குட்டை, “எவ்வளவு?” என்றது.

“ஒரு சுத்து நடந்தா ஒரு வாய்.”

“யாரை?”

அந்தக் கேள்விதான் தாமதம். இத்தனை நாள் இறங்கவே முடியாது என்றவர்களெல்லாம் இறங்கப் பார்த்தார்கள். முண்டினார்கள், முக்கினார்கள், ஒருத்தி முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி ஒளிந்தாள். ஒருத்தியாலும் முடியவில்லை.

“மேல இருக்கிறவங்களை,” என்றாள் இழைச்சி. “வெயிலை நிறையக் குடிச்சவங்களை. முதல் வாய்க்கு நான்.”

“நீ வேண்டாம்ட்டி.” குட்டையின் உறுமல் எங்கேயோ போய்விட்டது. “எங்கிட்ட முதமுதல்ல பேசுனவ நீ.”

“முதமுதல்ல வெயில் குடிச்சவளும் நாந்தானே அண்ணாச்சி. எல்லாரையும்விட ரொம்பக் குடிச்சிட்டேன்.”

நாரைக்கு இவ்வளவு நேரம் நின்றதில் கால் வெந்துவிட்டது. “என்னம்மா, ஒரு முடிவுக்கு வந்தீங்களா?”

“வந்தாச்சு. ஆனா ரெண்டு பேச்சு, நாரையாரே. வெறுமனே வாயைத் திறந்து அள்ளக் கூடாது. தலையைக் கவிழ்த்து, மூக்குக்குள்ள தண்ணியை வடிச்சு, எங்களை மட்டும் எடுக்கணும். தண்ணி அண்ணாச்சியோடது. அது ஒரு சொட்டும் போகக் கூடாது.”

“தலைகீழாவா? என்னை மாதிரி ஆளு தலைகீழாச் சாப்பிட்டா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“மூணு நாள் பட்டினின்னு நினைப்பாங்க.”

நாரை யோசித்தது. “சரி, ரெண்டாவது?”

“நடக்கிறதை நிறுத்தக் கூடாது.”

“நின்னா சுடுவேன்,” என்று குட்டை உறுமியது. பழைய குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

“ரெண்டு காலையுமா சுடுவீங்க?”

“ஊணுன காலை.”

நாரை மறுபேச்சுப் பேசாமல் ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் செருகிக்கொண்டது. பிறகு அதை இறக்கி நடக்கத் தொடங்கியது. வட்டமாக, மிதித்து மிதித்து, ஒரு சுற்று. கம்பளி முழுவதும் கலங்கி மேலும் கீழுமாகப் புரண்டது. சுற்று முடிந்த இடத்தில் நின்று, நீண்ட கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, மடங்கிய மூக்கைத் தண்ணீரில் வைத்தது.

“அக்கா, எங்கே போறே?” கலங்கிய தண்ணீரோடு மேலே வந்திருந்த துணுக்கி கேட்டாள்.

“மேலதாண்டி. இன்னும் கொஞ்சம் மேல.”

மூக்கின் ஓரத்துக்கு வந்ததும் இழைச்சி ஒரு கணம் நின்றாள். பயம் இருந்தது. அதைவிட ஒரு கேள்வி பெரிதாக இருந்தது. “நாரையாரே, உள்ள எப்படி இருக்கும்?”

“இருட்டா இருக்கும்மா,” என்றது நாரை. பெரிய இடத்துப் பேச்சு அதன் வாயிலிருந்து போயிருந்தது.

“அங்க வெயில் வருமா?”

“நான் பாத்ததில்லையேம்மா,” என்றது நாரை.

“அப்போ நான் போய்ப் பாக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு இழைச்சி உள்ளே போனாள். அவளைச் சுற்றி இருந்தவர்களும் போனார்கள். நாரை தண்ணீரை மூக்கோரமாக வடித்துவிட்டது. ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் அது குட்டைக்கே திரும்பியது.

அன்றிலிருந்து குட்டை யார் பெயரையும் கூப்பிடவில்லை. நாரை மட்டும் சொன்ன சொல்லுக்குச் சுற்றிச் சுற்றி நடந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மஞ்சளாகக் கிடந்தவர்கள் மேலே வந்தார்கள், ஒரு வாய் வெயில் குடித்தார்கள், கீழே போனார்கள், மறுபடி வந்தார்கள். யாரும் முறை சொல்லவில்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. மூன்றாம் நாள் தரையில் அழுகல் வாடை போய்விட்டது. துணுக்கி நீலப்பச்சையாகிவிட்டாள்.

அவள்தான் முதலில் பார்த்தாள்.

“அண்ணாச்சி! அண்ணாச்சி, மேல பாருங்க! நாரையார் இறக்கையைப் பாருங்க!”

குட்டை கண்ணைத் திறந்தது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த நாரையின் இறகுக்குள்ளே, அடியிலிருந்து, விடிகிற நேரத்து வானம் மாதிரி ஒரு சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. நாரை தன் உடம்பைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தது. “ஐயய்யோ, என்னம்மா இது? நான் ஒண்ணும் பூசலையே!” என்று பதறியது.

“அக்கா குடிச்ச வெயிலு,” என்றாள் துணுக்கி. “நாரையார் வயித்துக்குள்ள வெயில் இல்லை போலிருக்கு. அதான் கொண்டுபோய் வச்சிருக்கா.”

குட்டை அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, மூன்று நாளாக வாய் திறக்காத குட்டை, காலையில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டது. “இழைச்சி!”

நாரை இறக்கையை அகல விரித்தது. வெயில் அதன் மேல் முழுவதுமாக விழுந்தது.

பூநாரை சிவந்தது அப்படித்தான். அது உவர் நீரில் வட்டமாக மிதித்து நடப்பதும், தலையைக் கவிழ்த்துத் தின்பதும், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதும் அன்று பேசிய பேச்சுப்படிதான். இழைச்சியின் தங்கச்சிகளுக்குச் சுருள்பாசி என்று பெயர் வந்தது. மற்றப் பாசிக்கு ஆகாத உவரும் காரமும் சூடும்தான் இன்றும் அவர்களுக்குப் பிடித்த இடம். சத்துணவுக்காக அவர்களை வளர்க்க நினைக்கிறவர்கள் ஆழமில்லாத தொட்டி கட்டி, தண்ணீரில் சோடா உப்பைக் கரைத்து, அதை ஓர் உவர்க்குட்டையாக்கி வெயிலில் வைக்கிறார்கள். பக்கத்தில் பூநாரை இல்லாததால் துடைப்பத்தை எடுத்துத் தாங்களே கலக்கிவிடுகிறார்கள். ஏன் இப்படிக் கொதிக்கிற வெயிலில் மணிக்கொரு தரம் கலக்குகிறீர்கள் என்று கேட்டால், “அடியில கிடக்கிறதும் வெயில் பாக்கணும்ல?” என்று திருப்பிக் கேட்பார்கள். மெல்லிய துணியை விரித்து, தண்ணீரை வடித்துத் தொட்டிக்கே விட்டு, பாசியை மட்டும் எடுப்பார்கள். எடுக்கும்போது ஒருநாளும் முழுவதையும் எடுப்பதில்லை, ஒன்றும் எடுக்காமல் விடுவதும் இல்லை. கொஞ்சம் போனால்தான் மிச்சம் பிழைக்கும் என்று இழைச்சி முதல் வாய்க்குத் தன்னைக் கொடுத்தாளே, அன்றைக்குத் தொடங்கிய வழக்கம் அது.